கனடாவில் முதல் ஹைப்ரிட் கார்: உதவி வசதிகளை எப்போது நம்பலாம், எப்போது கூடாது

டொராண்டோ பக்கம் வந்து ஒரு வேலையில் காலூன்றியதும் நம்மவர்கள் பலர் முதலில் விசாரிப்பது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரைப் பற்றித்தான். நியாயமான ஆசை. உதாரணமாக டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டால், இந்த ஒன்டாரியோ மாகாணத்திலேயே கேம்பிரிட்ஜ், உட்ஸ்டாக் ஆலைகளில் தயாராகிறது. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 6 லிட்டர் பெட்ரோல் போதும். 2019 மாடல் முதல் ரேடாரும் கேமராவும் சேர்ந்த ஓட்டுநர் உதவி வசதிகள் எல்லா ரேவ்4 வண்டியிலும் இருக்கின்றன. முன்னே போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல், தடத்தின் நடுவிலேயே வண்டியை ஓடவைக்கப் பார்க்கும் ஸ்டீயரிங் உதவி, மோதப்போகிறோம் என்றால் தானாகவே விழும் அவசர பிரேக், இவையெல்லாம் அதில் அடக்கம்.

சாவி கொடுக்கும் நாளில் விற்பனையாளர் எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிவிடுவார். ஒவ்வொரு வசதியும் எதைக் கொண்டு சாலையைப் பார்க்கிறது, எந்த நேரத்தில் அதன் கண் மறைந்துபோகும் என்பதைச் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தை அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

உரிமத்திலிருந்து தொடங்குகிறேன். ஒன்டாரியோவில் குடியேறியவர்கள் ஊர் உரிமத்தை வைத்து 60 நாள் ஓட்டலாம். அதற்குப் பிறகு இங்குள்ள உரிமம் வேண்டும். இந்திய உரிமத்தை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் உண்டு. அந்தச் சாலைத் தேர்வுக்குத் தயாராகும் வரை உதவி வசதிகளில் அவசர பிரேக்கைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்து வைத்து ஓட்டிப் பழகுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் வண்டி வந்தால் பக்கக் கண்ணாடியில் எரியும் மஞ்சள் விளக்கை மட்டும் பார்த்துத் தடம் மாறுகிறவர், தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதே இல்லை. தேர்வாளர் அந்தத் தலைத் திருப்பலைத்தான் கவனிப்பார். மதிப்பெண் இருக்கட்டும், பின்னாலிருந்து மிக வேகமாக வரும் வண்டியைப் பக்கவாட்டு ரேடார் கடைசி நொடியில்தான் சொல்லும். நீங்கள் திரும்பிப் பார்த்திருந்தால் அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும் நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டியவர்கள், வண்டியின் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவர்கள். இங்கே இரண்டும் தலைகீழ். இடப்பக்கம் உட்கார்ந்ததும் உடம்பு பழைய கணக்கிலேயே தன் இடத்தைத் தேடுகிறது. வண்டி மெதுவாக வலப்புறக் கோட்டை நோக்கி நகரும். நமக்கே தெரியாது. ஆனால் கேமராவுக்குத் தெரியும். ஆகையால் புதிதாக வந்தவரின் வண்டியில் தடம் விலகும் எச்சரிக்கை அடிக்கடி ஒலித்தால், அதுவும் வலப்பக்கமாகவே ஒலித்தால், தொந்தரவு என்று அதை அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கைத் திருத்தும் உதவியை நிறுத்திவிட்டு, ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்வையைத் தூரத்தில் வைத்து, ஒலி எழாமல் ஓட்டும் நிலை வந்தபிறகு ஸ்டீயரிங் உதவியைப் போடுங்கள். வண்டியே ஒவ்வொரு முறையும் நேராக்கிவிட்டால் அந்தச் சாய்வு உங்களிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். வாடகை வண்டியிலோ நண்பரின் பழைய காரிலோ ஏறும் நாளில் அது வெளியே வரும்.

இனி குளிர்காலம். இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

ரேவ்4 போன்ற வண்டிகளில் முன்பக்க ரேடார் நிறுவனச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா, உள்ளே பின்பார்வைக் கண்ணாடிக்கு மேலே, முன்கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. பின் மூலைகளில் பம்பருக்குள் இரண்டு ரேடார்கள். பிப்ரவரி மாதம் கிங்ஸ்டன் நோக்கி 401 நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் போகிறீர்கள் என்று வையுங்கள். அதன் சக்கரங்கள் வாரி இறைக்கும் உப்பு கலந்த சேற்றுநீர் வண்டியின் முகத்தில் விழுந்து அங்கேயே உறைகிறது. சின்னத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் முன்பலகையில் ரேடார் மறைந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும், ஒரு மணியொலி கேட்கும், க்ரூஸ் கண்ட்ரோல் விலகிக்கொள்ளும். அந்த நொடியில் உங்கள் கால் ஆக்சிலரேட்டரில் இல்லை. ஹைப்ரிட் வண்டியில் கால் இல்லாவிட்டால் மோட்டார் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பத் தொடங்கும். வண்டி தானாக வேகம் குறையும். பின்னால் வருகிறவருக்கு இது எதுவும் தெரியாது. எனவே க்ரூஸ் போட்டிருக்கும்போதும் வலது கால் ஆக்சிலரேட்டருக்கு அருகிலேயே இருக்க வேண்டும். காலை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பனி பெய்த காலையில் வண்டியைத் துடைக்கும்போது கூரை, கண்ணாடிகள், விளக்குகள், முன்சின்னம், கேமரா இருக்கும் இடத்துக்கு எதிரே உள்ள கண்ணாடிப் பகுதி, பின்கேமரா என்று எல்லாவற்றையும் துடையுங்கள். சின்னத்தைப் பனிசுரண்டியால் கீறாதீர்கள். மென்மையான தூரிகையோ ஈரத்துணியோ போதும். நெடும்பயணத்தில் எரிபொருள் நிலையத்தில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்வது நல்லது. உறைகுளிரைத் தாங்கும் கண்ணாடி கழுவும் திரவம் ஒரு கேன் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

துடைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. சாலையே பனியால் மூடியிருந்தால் கேமராவுக்குக் கோடு தெரியாது. அதைவிட மோசம், பாதி தெரியும் நிலை. முன்னால் போன சக்கரங்கள் விட்ட தடங்களையும், பழைய விரிசல்களை அடைத்த தார்ப் பட்டைகளையும் தாழ்ந்த வெயிலில் கேமரா கோடு என்று எண்ணிக்கொண்டு ஸ்டீயரிங்கை இழுக்கக்கூடும். கோடையில் இதே வேலையைச் சாலைப் பணி நடக்கும் இடங்கள் செய்யும். அழிக்கப்பட்ட பழைய கோடும் புதிய கோடும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆரஞ்சு நிறக் கூம்புகள் கண்ணில் பட்டதும் ஸ்டீயரிங் உதவியை அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வழுக்கும் சாலையில் க்ரூஸ் கண்ட்ரோலே வேண்டாம். நிறுவனங்களின் கையேடுகளே இதைச் சொல்கின்றன. சக்கரம் வழுக்கத் தொடங்குவதை உங்கள் கையும் உட்காருமிடமும் முதலில் உணரும். அந்த நேரத்தில் வேகத்தைத் தக்கவைக்கக் கணினி சக்தி கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. தானாக விழும் பிரேக்கும் அப்படித்தான். அது சரியான நேரத்தில் விழுந்தாலும், பனிக்கட்டியில் டயருக்குப் பிடி இல்லை என்றால் வண்டி சறுக்கிக்கொண்டேதான் போகும். ஆகவே காரின் மேல்ரக மாடலுக்கு இன்னும் சில ஆயிரம் டாலர் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே: முதலில் நான்கு குளிர்கால டயர் வாங்குங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்பது 2016 முதல் விதி. கேட்டு வாங்குங்கள்.

நல்ல வானிலையில், காய்ந்த நெடுஞ்சாலையில் இந்த வசதிகள் அருமையானவை. இதையும் மனதாரச் சொல்கிறேன். மாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பும் நாட்களில் க்ரூஸ் கண்ட்ரோல் காலுக்கும் மனதுக்கும் தரும் ஓய்வு கொஞ்சநஞ்சமல்ல. இடைவெளி அளவை மட்டும் மிகப் பெரியதாக வையுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் முன்வண்டிக்குப் பின்னால் இடம் விட்டால் யாராவது நுழைந்துவிடுவார்களே என்று மனம் அரிக்கும். நுழையட்டும். கார் கொஞ்சம் பின்வாங்கி மறுபடி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளும், வீட்டுக்குச் சேர்வதில் ஓரிரு நிமிடம்கூட வித்தியாசம் இருக்காது.

அது செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளின் க்ரூஸ் கண்ட்ரோல் சிவப்பு விளக்குக்கு நிற்காது. நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது, முன்னே அசையாமல் நின்றுவிட்ட வண்டியை உரிய நேரத்தில் அடையாளம் காணாமல் போகலாம். கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரு திசை வண்டிகளும் நிற்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். எதிர்த் திசையில் நிற்கும் பேருந்தைப் பார்த்து உங்கள் காரை நிறுத்த இந்தக் கருவிகளுக்குத் தெரியாது. முதல் தடவை மீறினாலே 400 முதல் 2000 டாலர் வரை அபராதமும் 6 தண்டனைப் புள்ளிகளும். குழந்தை யாருடையதாக இருந்தாலும் அந்தச் சாலையைக் கடக்கப்போவது ஒரு குழந்தை. அபராதத்துக்கு முன்னால் அதுதான் நினைவில் நிற்க வேண்டும்.

கார்தான் பார்த்துக்கொள்கிறதே என்று கைப்பேசியை எடுப்பதும் நடக்கிறது. இப்போது நாம் வாங்கும் வண்டிகளில் இருப்பது எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் வகைப்பாட்டில் இரண்டாம் நிலை: ஓட்டுநர் எல்லா நேரமும் சாலையைக் கவனிக்க வேண்டும், பொறுப்பு முழுவதும் அவருடையது. ஜி1, ஜி2 எனப்படும் தொடக்கநிலை உரிமங்களை வைத்திருப்பவர் கைப்பேசியோடு பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டால் முதல் தடவையே 30 நாள் உரிமம் நிறுத்தப்படும். வேலைக்குக் காரில்தான் போக வேண்டும் என்ற நிலையில் இருக்கிறவருக்கு ஒரு மாதம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஹைப்ரிட்டுக்கே உரிய ஒரு விஷயத்தை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி நின்றதும் இன்ஜின் ஓய்ந்துவிடும், சத்தமே இருக்காது. பொத்தானை அழுத்தி அணைக்காமல், அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கி வீட்டுக்குள் போய்விட முடியும். பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும். வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜில் இது நடந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். நிறமும் மணமும் இல்லாத நச்சு. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. முன்பலகையில் பச்சையாக எரியும் 'ரெடி' விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கதவைத் திறங்கள். ஒன்டாரியோவில் கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். அடித்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் உங்கள் பகுதியில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்கச் சங்கடப்பட வேண்டிய விஷயம் அல்ல.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு மாதம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால், வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி நன்றாக இருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடக்கூடும்; அது இல்லாமல் ஹைப்ரிட் கிளம்பாது. வாரம் ஒருமுறை நண்பர் யாரையாவது வண்டியை வெளியே எடுத்து, பிரேக்கை மிதித்து 'ரெடி' நிலைக்குக் கொண்டுவந்து சற்று நேரம் ஓட்டிவரச் சொல்லுங்கள். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் விளக்குகள் எரியும், பேட்டரி ஏறாது, இன்னும் இறங்கத்தான் செய்யும். குளிர்காலத்தில் பெட்ரோல் அதிகம் செலவாகிறதே என்று கவலைப்படாதீர்கள். உள்ளே சூடாக்க இன்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும், அது பழுது அல்ல.

கடைசியாக, முன்கண்ணாடி. இங்கே நெடுஞ்சாலையில் சரளைக்கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவது சாதாரணம். கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும், அதாவது சாலையைச் சரியான கோணத்தில் பார்க்கும்படி சரிசெய்ய வேண்டும். குறைந்த விலைக்குக் கண்ணாடி மட்டும் மாற்றித்தரும் இடங்களும் உண்டு. கேமரா அளவுதிருத்தம் செய்வீர்களா, அதை ரசீதில் எழுதித் தருவீர்களா என்று வேலையைக் கொடுக்கும் முன்பே கேளுங்கள். காப்பீடு எடுக்கும்போதும் கண்ணாடிச் சேதத்துக்கான பாதுகாப்பில் இந்தச் செலவு சேருமா என்று முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய ஹைப்ரிட் வாங்குகிறவர்கள், கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்று விசாரித்து, மாற்றியிருந்தால் அந்த ரசீதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.