மலைநாட்டு ஆட்களுக்கு ஸ்பிதி உயரம் ஒத்துக்கொள்ளுமா?

ஹட்டன்வாசி:
வணக்கம். செப்டம்பரில் நானும் தங்கச்சியும் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா, மறுநாள் அதற்கும் மேலே உள்ள கோமிக் கிராமத்தில் தங்கல் என்பது திட்டம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களை உயரம் ஒன்றும் செய்யாது என்கிறார்கள் வீட்டில். சரிதானா? நுவரெலியா ஸ்வெட்டர் போதுமா?

பண்டாரவளை அக்கா:
தம்பி, இந்த விஷயத்தில் மட்டும் வீட்டுப் பேச்சைக் கேட்காதீர்கள். இலங்கையிலேயே உயரமான நம்ம பீதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான். காசா சுமார் 3,650, கோமிக் 4,500க்கும் மேல். கொழுந்து மலை ஏறிப் பழகிய கால் அங்கே உதவும், உயரத்தால் வரும் தலைவலிக்கு உதவாது.

சிம்லா வழியாகப் போங்கள். கல்பா, நாக்கோ, தாபோ என்று இரவு தங்கித் தங்கி ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். தாபோவில் 996இல் எழுப்பிய மண்சுவர் மடாலயம் இருக்கிறது. உள்ளே ஒரே இருட்டு. கண் பழகிய பிறகுதான் சுவர் ஓவியங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். படம் எடுக்க விடமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

கோமிக்கில் படுக்க வேண்டாம். காசாவில் தங்கிக்கொண்டு லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்றையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். ஹிக்கிம் தபாலகத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு போஸ்ட்கார்ட் போடுங்கள். லாங்சாவில் சுருள் சுருளான அம்மோனைட் கல்லை (பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம்) விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்றைத் தடுக்கிற ஜாக்கெட்டும் வேண்டும். நம்முடையது ஈரக் குளிர், அங்கே காய்ந்த குளிர். மழைமேகத்தை இமயம் மறித்துவிடுவதால் உதடு வெடித்துப்போகும். அப்புறம், தேத்தண்ணியில் உப்பும் வெண்ணெயும் போடுவார்கள். நான் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு நம்ம தோட்டத்துத் தேயிலை ஒரு பாக்கெட் கொடுத்தேன். அதையும் அப்படியே கடைந்து கொடுத்துவிட்டார்!

கண்டிக்காரன்:
சிம்லா பக்கமாகப் போனால் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இன்னர்லைன் பெர்மிட் (எல்லையோரப் பகுதிக்குள் போக வெளிநாட்டவர் எடுக்கும் அனுமதி) வேண்டும். சிம்லாவிலோ ரெக்கோங் பியோவிலோ எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள். திரும்பும்போது குன்சும் கணவாய் வழியாக மணாலிக்கு இறங்கினால் ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஹட்டன்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. உயர நோய்க்குப் போடும் டயமொக்ஸ் குளிசை கொண்டு போகவா?

பண்டாரவளை அக்கா:
டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளிசை போட்டும் தலைவலியோடு வாந்தி வந்தால், தங்கச்சி எவ்வளவு அடம்பிடித்தாலும் மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.