இக்காரஸ் விழுந்தபோது உழவன் திரும்பியிருக்க வேண்டுமா?

பனைநிழல்:
ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1938 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் எழுதிய ‘ம்யூசே தே போஸார்’ கவிதையை நேற்று மறுபடி வாசித்தேன். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியர் ப்ரூகல் பெயரில் இருக்கும் இக்காரஸ் ஓவியத்தைப் பார்த்து எழுதியது. கிரேக்கப் புராணத்தில் தகப்பனும் மகன் இக்காரஸும் மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு பறக்கிறார்கள்; மெழுகு உருகிப் பையன் கடலில் விழுகிறான். படத்தில் அவனுக்குக் கிடைத்த இடம் வலது மூலையில் இரண்டு வெள்ளைக் கால்கள், அவ்வளவுதான். முன்னால் பெரிதாகத் தெரிகிறவன் சிவப்புச் சட்டை போட்ட உழவன். அவனுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை என்று ஆடன் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு முந்தைய மாதம்தான் ஜெர்மனியில் யூதர்களின் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தினார்கள். அப்போது இந்த நிதானம் எப்படி வந்தது? கண்டும் காணாமல் போகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

கொழுமுனை:
அக்கா, அதே ஆண்டு சீனாவுக்குப் போய்ப் போரை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். துன்பம் தெரியாமல் எழுதவில்லை. ஒரு வரியைப் பாருங்கள்: சித்திரவதை செய்கிறவனின் குதிரை பின்புறத்தை மரத்தில் தேய்த்துக்கொள்கிறது. குதிரை பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. அதில் ஏறி வந்தவன் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று ஆடன் சொல்லவே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அங்கேதான். அப்புறம், உழவனுக்குச் சத்தம் கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறார். கப்பலுக்கு வரும்போது, அது பார்த்தே இருக்கும் என்கிறார். பார்த்தும், போக வேண்டிய இடம் இருந்ததால் போய்விட்டது. ‘கேட்டிருக்கலாம்’ வேறு, ‘பார்த்தே இருக்கும்’ வேறு. குற்றச்சாட்டு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பனைநிழல்:
கப்பலை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் பழைய ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன இக்காரஸ் கதையில் உழவன், இடையன், தூண்டில்காரன் மூவருமே நிமிர்ந்து பார்த்து, பறப்பவர்கள் தேவர்களோ என்று வியக்கிறார்கள். ஓவியர் அதை மாற்றி, உழவனைக் குனிய வைத்தார். அது வேண்டுமென்றே செய்தது, கோபத்தோடு செய்தது. ஆடன் அந்தக் கோபத்தை ‘உலகம் இப்படித்தான்’ என்று ஆற்றிவிட்டார்.

உப்புக்காற்று:
கோபம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? இடையன் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான். பிரஸ்ஸல்ஸிலேயே வான் பியூரன் அருங்காட்சியகத்தில் இதே ஓவியத்தின் இன்னொரு பிரதி இருக்கிறது. அதில் மேலே தகப்பன் டெடலஸ் பறக்கிறான். இந்தப் படத்தில் அங்கே வெறும் வானம்.

அலட்சியத்தைக் காட்டுவதில் எனக்கு அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ்தான் ஒரு படி மேல். இதே ஓவியத்தைப் பற்றிய கவிதைதான், 21 சின்ன வரிகள், ஒரு நிறுத்தக்குறி கிடையாது. வசந்தம், உழவு, வெயில் என்று ஓடி, யாரும் கவனிக்காத ஒரு ‘சளக்’. அவன் மூழ்குவது கடைசி வரியில்தான் வருகிறது. படத்திலும் நம் கண் கடைசியாகத்தானே அந்தக் கால்களுக்குப் போகிறது?

கொழுமுனை:
ஆமாம். ஆனால் அதில் பார்த்துவிட்டுப் போகிற கப்பல் இல்லை. யாருமே கவனிக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது?

பனைநிழல்:
படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். தூண்டில்காரன் கரையோரம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கால்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவன் அவன்தான். ஆடன் கவிதையில் உழவன் இருக்கிறான், வெயில் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, இவன் மட்டும் இல்லை. நீட்டிய கையோடு இருப்பவனை எப்படி விட்டார்?