விதைமேல் பூசுவதற்கு 'உயிர்ப்பூச்சு' என்ற சொல்

வணக்கம்.

விதைக்கும் முன் விதைமேல் நன்மைதரும் பற்றீரியாவைப் பூசுவதற்கு நல்ல தமிழ்ச்சொல் எது என்பதே நம் பேச்சு. அதற்குக் கோவை நண்பர் முன்வைத்த 'நுண்ணுயிர் விதை நேர்த்தி' தமிழ்நாட்டில் வேரூன்றிய சொல்தான். இலங்கையில் எங்கள் பண்டாரவளைப் பக்கத்தில் நேர்த்தி என்றால் கோயிலுக்கு வைத்த நேர்த்தியே முதலில் நினைவுக்கு வரும். அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பூஞ்சைக்கொல்லியில் புரட்டினாலும் விதை நேர்த்தி, அவரையினச் செடிகளின் வேரில் தங்கிக் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கித் தரும் இறைசோபியம் பற்றீரியாவைப் பூசினாலும் விதை நேர்த்தி என்பதை ஏற்க முடியவில்லை. இங்கே வழங்கும் 'பரிகரணம்' என்ற சொல்லுக்கும் அதே குறை உண்டு. ஒன்று கொல்வதற்குப் பூசுவது; மற்றது தானே உயிரோடிருக்க வேண்டியது.

'பற்றீரியாப் பூசல்' வேண்டவே வேண்டாம். பூசல் என்றால் சண்டை.

என் பரிந்துரை 'உயிர்ப்பூச்சு'.

உயிர் என்பதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் ஒரு போஞ்சி (பீன்ஸ்) பாத்தி. பூசி விற்கப்பட்ட அந்த விதைப் பொட்டலம் கடையின் கண்ணாடி அலுமாரியில் வெயில் படக் கிடந்தது. விதைத்தேன், குறையில்லாமல் முளைத்தது. பூக்கும் நேரத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறுகணுக்களே, அதாவது அந்தப் பற்றீரியா தங்கும் சிறு முடிச்சுகளே, அரிது. இருந்த இரண்டொன்றை நகத்தால் கீறினேன். நைதரசனை நிலைப்படுத்தும் சிறுகணுவின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். இவை வெளிறிக் கிடந்தன. எங்கள் மண்ணின் புளிப்பும் காரணமாகலாம். ஆனால் பொட்டலத்தில் விதையின் முளைதிறன் மட்டுமே அச்சாகியிருந்தது. பூச்சு எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஆகவே இரண்டாவது சொல்லும் தேவை: விதைக்கு முளைதிறன், பூச்சுக்கு 'உயிர்ப்புக்காலம்'. வெல்லக் கரைசலிலோ ஆறிய கஞ்சியிலோ குழைத்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. களஞ்சியத்தில் வைத்து விற்கும் விதைக்குத்தான் இது உயிர்நாடி. ஈரம் வற்றும்போதே பற்றீரியாக்களில் பெரும்பகுதி மடிந்துவிடும்; எஞ்சியவற்றைச் சூடு தின்னும். முன்கூட்டியே பூசிய இத்தகைய விதையை 'முற்பூச்சு விதை' எனலாம்.

கண்டி நண்பர் கேட்ட 'சுண்ணப்போர்வை' பற்றி: எங்கள் பக்கம் தேயிலை நாடு; தேயிலைக்கு உகந்த மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பு இறைசோபியத்துக்கு ஆகாது. அதனால் உயிர்ப்பூச்சின் மேல் நுண்ணிய சுண்ணக்கல் தூளைப் போர்த்துவது நல்ல முறை. ஆனால் வெறும் 'சுண்ணம்' என்றால் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துப் பூசிவிடுவார்கள்; அதன் காரத்தில் பற்றீரியா வெந்துபோகும். ஆகவே 'சுண்ணக்கற்போர்வை' என்று முழுமையாகவே எழுதுவோம். வல்லினம் நெருக்குகிறது என்பது எனக்கும் தெரிகிறது. 'கல்'லை விட்டுவிடாமல் சுருக்க யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.