ரெய்டு 5 எழும்பவில்லை: ஃபோர்ஸ் கொடுக்கலாமா?

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயிலின் பழைய காவடித் திருவிழா வீடியோக்கள் இருக்கும் கணினியில் ரெய்டு 5 (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தரவு தப்பும்படி வைக்கும் அமைப்பு) எழும்பவில்லை. வேறு நகல் கிடையாது.

டெபியன் 12 லினக்ஸ், ரெய்டை நடத்தும் எம்டிஅட்ம் மென்பொருள், 4 டெராபைட் வட்டுகள் மூன்று (எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி). போன வாரம் மின்சாரம் போய் வந்ததிலிருந்து எம்டி0, அதாவது அந்த ரெய்டு, 'இன்ஆக்டிவ்' என்கிறது. மூன்று வட்டையும் ஸ்பேர் (உபரி) என்று காட்டுகிறது.

வட்டின் ரெய்டு விவரம் காட்டும் எக்ஸாமின் கட்டளை போட்டால் எஸ்டிபியின் ஈவென்ட் எண் (ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) 48213, எஸ்டிசி 48207. எஸ்டிஏ 31090-இலேயே நிற்கிறது, கடைசியாக எழுதியது மார்ச்சில். ஆக, அது எப்போதோ கழன்றுவிட்டது. அதை நம்ப முடியாது.

கேபிள், பவர் சப்ளை இரண்டும் மாற்றியாச்சு. ரெய்டை ஸ்டாப் செய்து, வட்டுகளைத் தேடி மறுபடி சேர்க்கும் அசெம்பிள் ஸ்கேன் கொடுத்தால், ஒரு வட்டு மட்டும் போதாது என்று நின்றுவிடுகிறது. வட்டின் உடல்நலம் பார்க்கும் ஸ்மார்ட் சோதனையில் எஸ்டிபி சுத்தம். எஸ்டிசியில் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதி) 8. ஒரு நண்பர், ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளை போடச் சொன்னார். அது சூப்பர்பிளாக்கையே (ரெய்டின் அமைப்பு விவரம் இருக்கும் பகுதி) புதிதாக எழுதிவிடும். வட்டு வரிசையோ சங்க் (வட்டுகளுக்குள் தரவைப் பிரித்து எழுதும் துண்டு) அளவோ மாறினால் எல்லாம் போச்சு. அந்தப் பக்கமே போகவில்லை.

கையில் காலியான 4 டெராபைட் வட்டு ஒன்றுதான் இருக்கிறது. முதலில் எஸ்டிசியை, பழுதான வட்டை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவால் அதில் நகலெடுத்து, அந்த நகலை எஸ்டிபியோடு சேர்த்து அசெம்பிள் ஃபோர்ஸ் (ஈவென்ட் எண் பொருந்தாவிட்டாலும் வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது) கொடுப்பதா, இல்லை இப்போதே ஃபோர்ஸ் கொடுத்து, ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்து கோப்புகளை வெளியே எடுப்பதா?