.308-இல் 180 கிரெய்ன் செம்புக் குண்டு குழு விரிகிறது: எடையைக் குறைப்பதா, தோட்டாவையே மாற்றுவதா?

கேள்வி
துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குலக் குழல். மூஸ் (பெரிய மான் இனம்) வேட்டைக்கு, 200 மீட்டருக்குள் மட்டும். 180 கிரெய்ன் (11.7 கிராம்) ஈயக் குண்டு 100 மீட்டரில் 4 செ.மீ.க்குள் விழும். ஈயம் கூடாது என்று விதி வந்துவிட்டதால், அதே 180 கிரெய்னில் முழுச் செம்புக் குண்டுக்கு மாற்றம். கோடையில் குழு (சுட்ட குண்டுகள் தாளில் சிதறும் அகலம்) 7 செ.மீ., உறைபனிக் காலையில் 12 செ.மீ. சில ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கின்றன. ஸ்கோப் திருகுகள் இறுக்கம்தான். இதைவிட வலிய தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு ஒரு துப்பாக்கி வாங்கிவிடலாமா?

பதில் 1
அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீள்வட்ட ஓட்டை என்றால் குண்டு சாய்ந்தபடி போய்த் தாளில் படுகிறது. முதலில் குழலின் ட்விஸ்ட்டை (குழலின் உள்வரிகள் ஒரு முழுச்சுற்று சுழல எடுக்கும் நீளம்) அளந்து சொல்லுங்கள். துப்பாக்கி காலிதானா என்று பார்த்துவிட்டு, கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணித்துண்டு மாட்டி உள்ளே விடுங்கள். கம்பியில் ஒரு புள்ளி வைத்து, அது ஒரு முழுச்சுற்று வரும்வரை தள்ளி, கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை அளந்தால்தான் நம்பலாம்.

கூடவே குழலில் ஒட்டியிருக்கும் பழைய செம்பையும் அம்மோனியா கரைப்பானால் எடுங்கள். துணியில் நீலம் வருவது நிற்கும்வரை. பழைய ஈயக் குண்டின் மேலுறை விட்டுச்சென்ற செம்பின் மேல் புதுச் செம்பு ஏறினாலும் குழு விரியும்.

கேட்டவர்
மூன்று முறையும் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீலம் போகும்வரை துடைத்தும் குழு மாறவில்லை.

பதில் 2
அப்படியானால் காரணம் குண்டின் நீளம். செம்பின் அடர்த்தி ஏறத்தாழ 9, ஈயத்தினுடையது 11.3. எடை ஒன்றாக இருந்தாலும் செம்புக் குண்டு நீண்டுவிடும். 180 கிரெய்ன் ஈயக் குண்டு சுமார் 32 மி.மீ. என்றால், செம்பில் அதே எடை 36 மி.மீ.யைத் தொடும். நீளம் கூடக்கூட வேகமான சுழற்சி தேவை.

குண்டு நிலையாகப் பறக்குமா என்று கணிக்கும் மில்லர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 12 அங்குல ட்விஸ்ட்டில் நொடிக்கு 2,600 அடி வேகத்தில் உங்கள் செம்புக் குண்டின் நிலைப்பு எண் சுமார் 1.16. 1.5-க்கு மேல் இருந்தால் கவலையே இல்லை. 1-க்குக் கீழே போனால் குண்டு தலைகுப்புறப் புரளும். −15 டிகிரியில் காற்று கனத்துவிடுவதால் அதுவே 1.04 ஆகிறது. பனிக்காலையில் 12 செ.மீ. வந்தது இதனால்தான். இதே குண்டு 10 அங்குல ட்விஸ்ட்டில் 1.7-ஐ ஒட்டி நிற்கும். ஆக, தோட்டாவில் குற்றமில்லை.

150 கிரெய்ன் செம்புக்கு வாருங்கள். நீளம் சுமார் 32 மி.மீ., எண் 1.4, அதே குளிரில் 1.25. 165 கிரெய்ன் எல்லைக்கோட்டில் இருக்கிறது. உங்கள் குழலுக்கு நான் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் முனை இருந்தால் கணக்கு சற்றுச் சாதகமாக மாறும். எதுவானாலும் வெர்னியரில் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

கேட்டவர்
மூஸுக்கு 150 போதுமா? 180-க்குக் கீழே போகாதே என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

பதில் 3
அந்த அறிவுரை ஈயக் குண்டுக்கு உரியது. உறையும் ஈயமும் ஒட்டாத சாதாரணக் குண்டு, தோள் எலும்பில் பட்டால் எடையில் பாதிவரை இழக்கும். அந்த இழப்பைக் கருதித்தான் கூடுதல் எடையில் தொடங்கினார்கள். செம்பு இதழ்போல் விரிந்து, எடையில் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டே ஊடுருவும். எலும்பைத் தாண்டிய பிறகு 150 செம்பிடம் மிஞ்சும் எடை, 180 ஈயத்தை விட அதிகமாகவே இருக்கும்.

ஆனால் செம்பு விரிய வேகம் வேண்டும். படும்போது நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழல்வாயில் 2,800 அடியில் கிளம்பும் 150 கிரெய்ன், 200 மீட்டரில் ஏறத்தாழ 2,350 அடி வைத்திருக்கும். உங்கள் தூரத்துக்குத் தாராளம். வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். ஸ்வீடனில் மூஸுக்குக் குண்டு 9 கிராமும் 100 மீட்டரில் 2,700 ஜூலும் இருக்க வேண்டும், அல்லது 10 கிராமும் 2,000 ஜூலும். 150 கிரெய்ன் என்பது 9.7 கிராம், எனவே அங்கே 2,700 என்ற கடுமையான வரம்புதான் பொருந்தும். குட்டைக் குழலில் வேகம் குறைவதால் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

பதில் 4
நான் .300 மேக்னம் கட்சிதான், இருந்தும் இங்கே அதைச் சொல்ல மாட்டேன். 200 மீட்டருக்குள் அது தருவது முக்கியமாகச் சுடும்போது தோளில் விழும் உதைதான். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென இழுத்தால் குண்டு குடலில் படும், விலங்கு நாள்கணக்கில் வதைபடும். ஆப்பிரிக்கக் காட்டெருமை என்றால் பேச்சே வேறு: பல நாடுகளில் .375தான் குறைந்தபட்ச அளவு, அங்கே 300 கிரெய்ன் வழக்கம்.

பதில் 2 மீண்டும்
ஒன்று விட்டுப்போயிற்று. செம்பு துண்டு சிதறாததால் காயத்தடம் ஈயத்தை விட ஒடுங்கலாக இருக்கும். தோளுக்குப் பின்னே வெகுதூரம் தள்ளிக் குறிவைக்காதீர்கள். முன்னங்கால் கோட்டை ஒட்டி, இரண்டு நுரையீரலும் கிழியும்படி சுடுங்கள்.

சொந்தமாகத் தோட்டா நிரப்பினால் ஈயக் குண்டின் வெடிமருந்தளவை அப்படியே போடக் கூடாது. நீண்ட குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் இடத்தை அடைக்கும், அழுத்தம் ஏறும். அந்தக் குண்டுக்கே வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து வாருங்கள். குண்டு குழல் வரிகளிலிருந்து 1.3 மி.மீ. தள்ளி உட்காரட்டும்.

எடை மாறினால் படும் இடமும் மாறும், ஸ்கோப்பை மறுபடி சரிசெய்ய வேண்டும். 100 மீட்டரில் குறிக்கு 5 செ.மீ. மேலே படும்படி வைத்தால், 200 மீட்டரில் குறிக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழேதான் படும். சோதனையைக் குளிர்ந்த குழலில், நீங்கள் வேட்டைக்குப் போகும் அதே குளிரில் செய்யுங்கள். ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா என்று தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.