துவரை ஒத்தைத் தண்டா நிக்குது, பூவும் காணோம் – இப்போ கொழுந்து கிள்ளலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கங்க. மானாவாரி, செம்மண். கேழ்வரகு நடுவுல சால் விட்டு துவரை போட்டிருக்கேன். ஆடிப்பெருக்கு அன்னைக்கு விதைச்சது, இன்னைக்கு 72 நாள். இடுப்பு உயரம் வந்தும் சாட்டைக்குச்சி மாதிரி ஒத்தைத் தண்டுதான். பூவுக்கு அறிகுறியே இல்ல. பக்கத்துக் காட்டுல கொழுந்து கிள்ளி விட்டாங்க, குடை மாதிரி படர்ந்திருக்கு. நானும் கிள்ளட்டுமா? வீட்டு விதைதான். போன வருஷம் தை பொறந்துதான் அறுத்தோம்.

காவேரிப்பட்டணம் அக்கா:
வேண்டாம் தம்பி. அவங்க எத்தனாவது நாள்ல கிள்ளினாங்கன்னு கேட்டீங்களா? நுனிக் கொழுந்துல உண்டாகுற ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஊக்கி கீழ இருக்கிற பக்க மொட்டை எழும்ப விடாது. 30 நாள் பயிர்ல நுனியை ரெண்டு அங்குலம் கிள்ளினா அந்த அடக்கம் விட்டுப்போய் கணுவுக்குக் கணு கிளைக்கும். ஆனா கிளை முத்திப் பூக்க நாள் வேணும். அது இப்போ உங்க கையில இல்ல.

பூ வரலைன்னு பயப்படாதீங்க. தை அறுப்புன்னா நீண்ட நாள் துவரை. பகல் பொழுது குறைஞ்சாத்தான் மொட்டு வைக்கும். ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் பொறுங்க. எவ்வளவு நெருக்கம்? யூரியா போட்டீங்களா?

பாலக்கோட்டுக்காரன்:
சாணுக்கு ஒண்ணு இருக்கும்க்கா. நெருக்கமா முளைச்சதைப் பிடுங்கிக் கலைக்காம விட்டுட்டேன். கேழ்வரகுக்குப் போட்ட யூரியா இதுலயும் விழுந்திருக்கும்.

காவேரிப்பட்டணம் அக்கா:
அப்ப அதான் விஷயம்! நாத்து விட்டு நடுறவங்க 5 அடிக்கு 3 அடி விடுறாங்க. சாண் இடைவெளியில வெளிச்சத்துக்கு முட்டி மோதி நெட்டையாத்தான் போகும். யூரியா வேற தழையைத் தூக்கி விட்டுடுச்சு. கேழ்வரகு அறுத்து வெயில் விழுந்தா அடிக்கணு கொஞ்சம் துளிர்க்கும்.

தேன்கனிக்கோட்டை மானாவாரி:
நான் ஒரு வருஷம் ஐப்பசியில அரிவாளால கொண்டையைச் சீவிட்டேன். கிளை வந்துச்சு, வராம இல்ல. பூ மார்கழியிலதான். மண்ணுல ஈரம் செத்துப்போய் காய் பாதி பொக்கு. வீட்டுல இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க.

இன்னொண்ணு: கிளை நுனியிலயே கொத்தாப் பூத்து வளர்ச்சி நின்னுடுற குட்டை ரகம் இருக்கு. மொட்டு வெச்சப்புறம் அதுல நுனியைத் தொட்டா பூவையே கிள்ளின மாதிரி. உங்க நாட்டு விதை, நுனி இலை விட்டுகிட்டே போக, இலைக்கக்கத்துல பூக்கிற சாதியாத்தான் இருக்கணும்.

பாலக்கோட்டுக்காரன்:
டி.ஏ.பி. உரத்தைக் கரைச்சு இலை மேல அடிக்கலாமா?

காவேரிப்பட்டணம் அக்கா:
பூ எடுக்கும்போது அடிங்க. 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். முந்தின ராத்திரியே ஊற வெச்சு தெளிவை மட்டும் வடிகட்டி, சாயங்காலமா. 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை.

பாலக்கோட்டுக்காரன்:
சரிங்கக்கா. இருந்தாலும் மனசு கேக்கல. வரப்போரம் நாலு செடி மட்டும் கிள்ளிப் பாக்கறேன்.

காவேரிப்பட்டணம் அக்கா:
பாருங்க. கிள்ளாத நாலுக்கும் பக்கத்துல குச்சி நட்டு வைங்க. தையில ரெண்டையும் தனித்தனியா அடிச்சு, படி போட்டு, இங்கயே வந்து சொல்லணும்.