ஜெர்மனிக்கு மெஷின் லேர்னிங் பிஎச்டி பண்ண வந்திருக்கிற நம்ம குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

போன மாசம் மட்டும் நாலு பேர் மெசேஜ் போட்டாங்க. ரெண்டு பேர் நாகர்கோவில், ஒரு தம்பி கருங்கல், ஒரு தங்கச்சி குளச்சல். எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ். நெட்வொர்க் இல்லேன்னா மருத்துவம், ரெண்டுல ஒண்ணுல மெஷின் லேர்னிங், அதாவது டேட்டாவைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கத்துக்கிற ஆராய்ச்சி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதாம இங்கேயே எழுதுறேன். எனக்குத் தக்கலை பக்கம். இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு.

வீட்டு விஷயத்தை முதல்ல முடிச்சிருவோம். குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல விலாசத்தைப் பதியணும். வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் கையில இல்லாம போனா திருப்பி அனுப்பிருவாங்க. பதிஞ்ச பிறகு வரி எண் தபால்லதான் வரும். இங்கதான் நம்ம ஆட்கள் எல்லாரும் மாட்டுறோம். பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல இருக்கிறது அப்பா பேரு. நான் தபால் பெட்டியில என் பேரையும் இனிஷியலையும் மட்டும் எழுதி ஒட்டினேன். கவர்ல இருந்தது அப்பா பேரு. தபால்காரர் அப்படி ஒரு ஆளே இல்லைன்னு ரெண்டு கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போயிட்டார். அதனால பெட்டியில ரெண்டு பேரையும் ஒட்டுங்க. இதே சிக்கல் ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் வரும்: மேற்கோள் காட்டுறவங்க உங்களை அப்பா பேராலதான் குறிப்பாங்க. பேரை எப்படிப் போடப்போறோம்னு முதல் கட்டுரைக்கு முன்னாடியே முடிவு பண்ணி, ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டுற ஆர்சிட் எண் ஒண்ணும் எடுத்துருங்க.

இனி வேலை. டேட்டாவுல இருந்து கத்துக்கிட்டுக் கணிக்கிற மாடலைக் கட்டுறது உங்களுக்கு வரும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கெஞ்சிக் கேட்கிறது ஒண்ணுதான்: டேட்டா எங்கிருந்து வந்ததுன்னு பார்க்காம புரோகிராமைத் தொடாதீங்க.

நம்ம ஊர் காலேஜ்ல நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற ஃபைனல் இயர் புராஜெக்ட்னா கேடிடி 99 டேட்டாசெட்தான். நானும் அதுலதான் பண்ணினேன். 99 சதவீதம் சரியாக் கண்டுபிடிச்சுச்சு, வீடு முழுக்கச் சந்தோஷம். அந்த டேட்டா 1998ல அமெரிக்க விமானப்படை நெட்வொர்க் மாதிரி ஒண்ணை லேப்ல போலியா ஓட்டி எடுத்தது. பயிற்சிக்கான பதிவுகள்ல ஏறக்குறைய 78 சதவீதம் ஏற்கனவே இருக்கிற வரிகளே திரும்பத் திரும்ப வர்றதுதான்னு 2009லயே காட்டிட்டாங்க. அதைச் சீர்பண்ணித்தான் என்எஸ்எல்-கேடிடி வந்துச்சு. இங்க குரூப் மீட்டிங்ல முதல் நாளே ஒருத்தர் எங்கிட்ட கேட்டது, "இதுல நிஜமான டிராஃபிக் எவ்வளவு?" பதில் இல்லை. அந்தக் கேள்வியை அடுத்தவங்க கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே கேட்டுப் பாருங்க.

மருத்துவப் பக்கம் இது இன்னும் கூர்மையா வலிக்கும். நான் இருக்கிற ஊர்ல மார்த்தாண்டத்துக்காரங்க ஒரு மைனி இருக்காங்க. ஐசியூ நர்ஸ். ஒரு ஞாயித்துக்கிழமை மரவள்ளிக்கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டுட்டு, என் ஆராய்ச்சிக்கான ரத்த ஆக்சிஜன் டேட்டாவுல ஏன் இவ்வளவு திடீர் சரிவுன்னு கேட்டேன். மைனி பதில் சொல்லலை. வீட்டுல இருந்த சின்ன ஆக்சிமீட்டரை எடுத்து, ஜன்னலுக்கு வெளியில குளிர்ல கொஞ்ச நேரம் நீட்டி விறைச்சுப்போன என் விரல்ல மாட்டினாங்க. 84. கையைச் சூடா தேச்சுட்டு மறுபடியும் மாட்டினாங்க. 97. "இது நோயாளி இல்ல மக்கா, கிளிப்பு. ஆனா ஃபைல்ல 84ன்னுதான் கிடக்கும்"னு சொன்னாங்க. மூணு மாசம் நான் புரோகிராமுக்குள்ள தேடின விஷயம் அது.

அதே கருவியைப் பத்தி 2020ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு கட்டுரை வந்துச்சு. அமெரிக்க நோயாளிகள்ல, ஆக்சிஜன் குறைஞ்சிருந்தும் கருவி சரியா இருக்குன்னு காட்டின தவறு வெள்ளைக்காரங்களை விடக் கறுப்பினத்தவர்கிட்ட ஏறக்குறைய மூணு மடங்கு. கறுத்த தோல் உள்ள நாம இதைப் படிச்சுட்டு மறந்துரக் கூடாது.

நெட்வொர்க்கும் மருத்துவமும் சேர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சர்க்கரை நோயால கண் கெடுறதை விழித்திரைப் படத்துல கண்டுபிடிக்கிற கூகுள் ஆராய்ச்சி 2016ல வந்துச்சு. மதுரை அரவிந்த் மாதிரி நம்ம ஆஸ்பத்திரிப் படங்களும் அதுல உண்டு. அந்த மாதிரி ஒரு சிஸ்டத்தைத் தாய்லாந்து கிளினிக்குகள்ல வச்சப்போ 1838 படத்துல 21 சதவீதம் தரம் போதாதுன்னு தள்ளுபடி ஆச்சு. இருட்டு அறை இல்லை, நெட் மெதுவு, ஒரு படம் ஏறக் காத்துக்கிடக்கணும். இதை 2020ல வெளியிட்டாங்க. எங்க அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. திருவட்டார் பக்கம் ஒரு அறையில, மத்தியான வெயில்ல, கரண்ட் போய்ப் போய் வர்றப்போ அந்தப் படத்தை எடுக்கிற நர்ஸை நினைச்சுக்கிட்டுத்தான் நான் இப்ப மாடல் எழுதுறேன்.

அனுமதி விஷயத்துல விளையாடாதீங்க. அமெரிக்க ஆஸ்பத்திரி ஐசியூ நோயாளிகளோட பதிவுகளான மிமிக் டேட்டா இலவசம்தான். ஆனா பயிற்சி முடிச்சு, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவங்களுக்கு மட்டும். அதை நண்பனுக்கு அனுப்புறதும், வெளியில இருக்கிற சாட்பாட்ல ஒட்டிக் கேட்கிறதும் ஒப்பந்த மீறல். ஐரோப்பாவுல ஐபி முகவரியும் தனிமனிதத் தகவலா எண்ணப்படும். ஹாஸ்டல் வை-ஃபையில "சும்மா டெஸ்டுக்கு" அடுத்தவங்களோட டேட்டா பாக்கெட்டைப் பிடிச்சுப் பார்க்கவே பார்க்காதீங்க. எழுத்துல அனுமதி வாங்குங்க.

குளச்சல் தங்கச்சி, "என் ஊர்க் கதையை ஆராய்ச்சித் திட்டத்துல எழுதலாமா, சின்னப்பிள்ளைத்தனமா இருக்குமா"ன்னு கேட்டிருந்தாங்க. தாராளமா எழுதும்மா. 2017 நவம்பர் 30, ஓகி புயல். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் மீன்பிடி ஆட்கள் ஆழ்கடல்ல. போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான். எச்சரிக்கை போய்ச் சேரலை. 2019ல செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை வாங்குற ஜெமினி கருவியை வெளியிட்டாங்க. நல்ல வேலை. ஆனா அது ஒருவழி: படகுக்குச் செய்தி வரும், படகுலருந்து போகாது. கடல்ல கொஞ்சமே கிடைக்கிற பேண்ட்வித்துல (ஒரு நேரத்துல அனுப்ப முடியிற டேட்டா அளவு) எந்தச் செய்தி முதல்ல போகணும்ங்கிறது அசல் நெட்வொர்க் கேள்வி, அதை உன்னை விட உரிமையோட கேட்க அந்த லேப்ல ஆள் இருக்காது.

கருங்கல் தம்பி, உங்க ஒப்பந்தத்துல முழுநேர வேலையில 65 சதவீதம்னு இருக்குன்னு சொன்னீங்க. இங்க அது சகஜம், ஆனா 65க்குச் சம்பளம், 100க்கு உழைப்புன்னு ஆகிரும். மீதி 35 சதவீதச் சம்பளத்துக்கு எப்போ வழி உண்டுன்னு சூப்பர்வைசர்கிட்ட நேராவே கேளுங்க, அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, ராத்திரி பார்த்துச் சொல்றேன்.